கணக்கு இப்போது சட்டைப்பையில்

150 சிசிக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு மலேசியாவில் ஆண்டுச் சாலை வரி இரண்டே ரிங்கிட். தோட்டத்தில் ஓடும் காப்சாய் வண்டிகள் அத்தனையும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். ஆனால் அந்த இரண்டு ரிங்கிட்டைக் கட்ட ஆன செலவு வேறு. அரை நாள் வேலை போகும், போகவர பெட்ரோல், தபால் நிலையத்தில் நம்பர் எடுத்துக் காத்திருப்பு, அதற்குள் மத்தியானமாகிவிட்டால் கடைச் சாப்பாடு. இந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் பட்டணத்து 'ரன்னர்' கையில் காகிதங்களையும் கூலியையும் கொடுத்துவிட்டு வருவார்கள். இன்னும் சிலர் அதையும் செய்யாமல், தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறோம் என்று விட்டுவிடுவார்கள். பெரிய ரோட்டில் போலீஸ் மறிக்கும் அன்றைக்குத்தான் அந்த இரண்டு ரிங்கிட் நினைவுக்கு வரும்.

2023 பிப்ரவரி 10 முதல், சொந்த வாகனம் வைத்திருக்கும் மலேசியர்கள் சாலை வரி ஸ்டிக்கரை வண்டியில் ஒட்டத் தேவையில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையின் 'மைஜேபிஜே' செயலியில் சாலை வரியும் ஓட்டுநர் உரிமமும் இருக்கின்றன. சாலைத் தடுப்பில் கைப்பேசியைக் காட்டினால் போதும். காப்புறுதியைப் போனிலேயே எடுத்துக்கொண்டு, வரியையும் அங்கேயே புதுப்பித்துவிடலாம். வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடி முடிகிற வேலை.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட சின்ன வசதிகளுக்கு மதிப்பு அதிகம். தூரம்தான் காரணம். பெஸ்தாரி ஜெயா, இஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், கிழக்கே உலு சிலாங்கூரின் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் என்று இந்த வடசிலாங்கூர்ப் பகுதியில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதைகளுக்குக் குறைவில்லை. மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட இடமே இங்கேதான் இருக்கிறது. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிவைத்தார். தோட்டத்தின் பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் வங்கி, ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) அலுவலகம், பெரிய மருத்துவமனை எல்லாம் பெரும்பாலும் பட்டணத்தில்தான். கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

தூரம் மட்டுமல்ல, கணக்கும் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பார். கிராணி செக்ரோலில் எழுதுவார். எத்தனை நாள் வேலை, எத்தனை குலை, எவ்வளவு பிடித்தம், இபிஎஃப் கட்டியாயிற்றா என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் ஆபீஸ் லெட்ஜரில் இருந்தது. வெட்டியவர் தன் நம்பரைக் குலைக் காம்பில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்தால், எண்ணுகிறவர் என்ன எழுதிக்கொண்டார் என்பது சம்பள நாளன்றுதான் தெரியும். கேட்கத் துணிந்தவர்கள் குறைவு. ஆகவே தோட்டத்து மக்களுக்குக் கைப்பேசி செய்திருக்கும் மிகப் பெரிய உபகாரம் படம் பார்ப்பதோ பொருள் வாங்குவதோ அல்ல, தன் கணக்கைத் தானே பார்க்க முடிவதுதான்.

ஊழியர் சேமநிதி வாரியத்தின் 'கேடபிள்யூஎஸ்பி ஐ-அக்கவுன்' செயலியையே எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளம் வாங்கும், அறுபது வயதுக்குட்பட்ட தொழிலாளியிடமிருந்து 11 விழுக்காடாக 187 ரிங்கிட் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் போட வேண்டும். மொத்தம் மாதம் 408 ரிங்கிட். ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும் என்பது விதி. செயலியைத் திறந்தால் எந்த மாதத்துக்கு எவ்வளவு வந்தது, எந்தக் கம்பெனி பெயரில் வந்தது என்று வரிசையாகத் தெரியும்.

இதில் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெரிய நிறுவனத்தின் நேரடித் தொழிலாளிக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள், தோட்டத்தை விட்டு வெளியேறி ஃபேக்டரியிலும் பாதுகாவலர் வேலையிலும் சேர்ந்தவர்கள்தான் கவனிக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 187 ரிங்கிட் பிடித்திருக்கும், செயலியில் அந்த மாதம் காலியாக இருக்கும். முன்பெல்லாம் ஐம்பத்தைந்து வயதில் பணம் எடுக்கப் போகும்போதுதான் இடையில் மூன்று வருடம் காணாமல் போனது தெரியவரும். கம்பெனி அதற்குள் மூடியிருக்கும். இப்போது அடுத்த மாதமே தெரிந்துவிடுகிறது, ஆதாரத்தோடு கேட்கவும் முடிகிறது.

அதே செயலியில் ஒரு சபலமும் இருக்கிறது. 2024 மே 11 முதல் இபிஎஃப் பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது. ஓய்வுக் கணக்குக்கு 75 விழுக்காடு, 'செஜாத்ரா' கணக்குக்கு 15, 'ஃபிளெக்சிபல்' கணக்குக்கு 10. கடைசியாகச் சொன்னதிலிருந்து குறைந்தது ஐம்பது ரிங்கிட் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மாதம் 408 ரிங்கிட் சேருகிறவருக்கு இந்தப் பங்கு நாற்பது ரிங்கிட்டைச் சற்றே தாண்டும். தீபாவளி நெருங்கினால் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். 2024ஆம் ஆண்டுக்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. வங்கியில் போட்டால் அவ்வளவு கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவது நல்லது.

பணப் பரிமாற்றத்துக்கு வருவோம். மின்பணப்பை தோட்டப்புறத்துக்குள் நுழைந்தது அரசாங்கத்தின் தயவில். 2020 ஜனவரியில் 'இ-துனாய் ரக்யாட்' திட்டத்தில் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் 30 ரிங்கிட் தரப்பட்டது. பூஸ்ட், கிராப், டச் அண்ட் கோ ஆகிய மூன்றில் ஒன்றைப் பதிவு செய்தால்தான் கிடைக்கும். முப்பது ரிங்கிட்டுக்காக அம்மாவின் போனில் மகன் செயலியை இறக்கிக் கொடுத்த வீடுகள் ஏராளம். மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, ஏப்ரலில் கோவிட் செயலியான மைசெஜாத்ரா வந்தது. கடை வாசலில் கியூஆர் குறியீட்டை வருடினால்தான் உள்ளே போக முடியும் என்ற நிலை 2022 மே வரை நீடித்தது. கேமராவை எப்படிப் பிடிப்பது என்று பாட்டிமாருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் காலம்தான்.

இன்று பெஸ்தாரி ஜெயா மளிகைக் கடையிலும் வார நாட்களில் போடும் பாசார் மாலாமிலும் இளஞ்சிவப்பு நிற 'டூயிட்நவ்' அட்டை தொங்குகிறது. எந்த வங்கிச் செயலியாக இருந்தாலும் எந்தப் பணப்பையாக இருந்தாலும் அந்த ஒரே அட்டை போதும். 2018 டிசம்பரில் டூயிட்நவ் வந்ததிலிருந்து கணக்கு எண்கூடத் தேவையில்லை. போன் நம்பரையோ அடையாள அட்டை எண்ணையோ போட்டால் பணம் போய்ச் சேரும். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள், மாதக் கடைசியில் ஊருக்கு வரும்வரை காத்திராமல் அம்மாவுக்கு நூறு ரிங்கிட் அனுப்புகிறாள். கோயில் திருவிழா உபயக் கணக்கும், பள்ளிப் பெற்றோர் சங்கச் சந்தாவும் இப்படியே வசூலாகின்றன. கடன் சொல்லி வாங்கும் பழக்கத்தை மட்டும் எந்தச் செயலியாலும் ஒழிக்க முடியவில்லை. கடைக்காரரின் நீளமான நோட்டுப் புத்தகம் அட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மாநில அரசின் உதவியும் இதே வழியில் வருகிறது. ஏழைக் குடும்பத் தாய்மாருக்கு மாதம் 200 ரிங்கிட் தந்த 'கிஸ்' திட்டம் அட்டையில் நடந்தது. அதன் இடத்தில் 2022இல் வந்த 'பிங்காஸ்' திட்டம் மாதம் 300 ரிங்கிட்டை 'வேவ்பே' மின்பணப்பையில் போடுகிறது. பதிவு செய்த கடைகளில் அரிசி, எண்ணெய், பால்மாவு வாங்கலாம். வருடத்துக்கு 3,600 ரிங்கிட் என்பது பெரிய தொகை. ஆனால் போன் உடைந்தால், நம்பர் மாறினால், கடவுச்சொல் மறந்தால் அந்த மாதச் சாமானுக்கும் அலைய வேண்டியிருக்கும். மத்திய அரசாங்கம் இதைப் புரிந்துகொண்டதோ என்னவோ, 'சாரா' உதவித் திட்டத்துக்குச் செயலிக்குப் பதில் அடையாள அட்டையான மைகாட்டையே பயன்படுத்தியது. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லாருக்கும் ஒரு முறை கொடுத்த 100 ரிங்கிட் மைகாட்டிலேயே சேர்ந்தது. கடையில் அட்டையைச் செருகினால் போதும், போன் வேண்டாம். செப்டம்பர் 30இல் எல்லாருக்கும் வந்த 'பூடி95' திட்டத்திலும் இதே வழிதான். லிட்டருக்கு 1.99 ரிங்கிட் விலையில் பெட்ரோல் அடிக்க மைகாட் போதும். செயலி வைத்திருப்பவர் மிச்சக் கோட்டாவைப் பார்த்துக்கொள்ளலாம், இல்லாதவருக்கும் எண்ணெய் கிடைக்கும். நல்ல ஏற்பாடு இப்படித்தான் இருக்க வேண்டும். செயலி வசதிக்கு இருக்கட்டும், உரிமைக்கு வாசலாக நிற்கக் கூடாது.

மருத்துவத்தில் மைசெஜாத்ரா இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பெருந்தொற்று முடிந்ததும் அழித்துவிட்டார்கள். அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றுக்கு அதில் முன்பதிவு செய்யலாம். சீனி வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள் நிறைந்த வட்டாரம் இது. காலை ஏழு மணிக்கே போய் நாற்காலி பிடித்து உட்காருவதற்குப் பதில், குறித்த நேரத்துக்குப் போகலாம். பல் மருத்துவத்துக்கும் அப்படியே. அழித்தவர்கள் மறுபடி இறக்கிக்கொள்வதில் தப்பில்லை.

தண்ணீர் விஷயத்திலும் போன் உதவும். சிலாங்கூர் ஆறு உலு சிலாங்கூர் மலைகளில் பிறந்து, பெஸ்தாரி ஜெயா வழியாக ஓடி, மின்மினிகளுக்குப் பேர்போன கம்போங் குவாந்தானைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு இந்த ஆற்றுத் தண்ணீர்தான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் குழாய் நின்றது. கோலசிலாங்கூரும் தப்பவில்லை. தண்ணீர் விநியோக நிறுவனமான 'ஆயர் சிலாங்கூர்' செயலியில் தண்ணீர் எப்போது நிற்கும், எப்போது வரும், லாரி எங்கே நிற்கும் என்ற செய்தி வரும். இந்த அறிவிப்பை மட்டும் திறந்து வைத்திருந்தாலே அண்டாக்களை முன்கூட்டி நிரப்பிவிடலாம்.

குழாய் நிற்பதைவிட ஆறு ஏறுவதுதான் ஆபத்து. 2021 டிசம்பர் 18ஆம் தேதி கொட்டிய மழையில் ஷா ஆலம் மூழ்கிய காட்சிகளை நாடே பார்த்தது. கோலசிலாங்கூர் மாவட்டத்திலும் மக்கள் நிவாரண மையங்களுக்குப் போக வேண்டியிருந்தது. வடிகால், நீர்ப்பாசனத் துறை நடத்தும் 'பப்ளிக் இன்ஃபோபஞ்ஜிர்' தளத்தைப் போனில் திறந்து சிலாங்கூர் என்று தேர்ந்தெடுத்தால், ரந்தாவ் பாஞ்ஜாங் போன்ற இடங்களில் ஆற்று மட்டம் எவ்வளவு என்று தெரியும். இயல்பு, உஷார், எச்சரிக்கை, ஆபத்து என நான்கு நிலை. மேலே உள்ள நிலையங்களில் மட்டம் ஏறினால் கீழே இருப்பவர்களுக்குச் சில மணி நேர அவகாசம் இருக்கிறது என்று பொருள். ஆடு, மாடு, மோட்டார் சைக்கிளை மேட்டுக்கு ஏற்ற அது போதும். வானிலைத் துறையின் 'மைசுவாச்சா' செயலி இடிமழை எச்சரிக்கையை அனுப்பும். வாட்ஸ்அப் குழுவில் 'அணை உடைந்துவிட்டது' என்று வரும் குரல் பதிவுகளைவிட இந்த இரண்டும் நம்பத் தகுந்தவை.

இத்தனையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறதே, படிக்கத் தெரியாத அம்மாவுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் போனில் தமிழைக் கொண்டுவந்ததில் சிலாங்கூர்த் தோட்டப்புறத்துக்கே ஒரு பங்கு உண்டு. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். அவருடைய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளிவந்தபோது, பொத்தான் வைத்த சின்னக் கைப்பேசியிலேயே தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. இன்றைய ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய் மொழியைத் தமிழாக மாற்றினால் பட்டியல்கள் எல்லாம் தமிழில் வந்துவிடும். தட்டச்சு வராதவர்களுக்கு விசைப்பலகையில் உள்ள மைக் படம் போதும். 2017இலிருந்து கூகுள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிறது. தோட்டத்துப் பேச்சு வழக்கில் சொன்னால் சில சொற்களைக் கோணலாக எழுதும், ஆனாலும் விஷயம் புரியும்.

இன்னொரு வசதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரசாங்கக் கடிதம் வருகிறது, முழுக்க மலாய். முன்பு அதைத் தூக்கிக்கொண்டு பள்ளி ஆசிரியர் வீட்டுக்கோ கட்சிக் கிளைத் தலைவர் வீட்டுக்கோ போக வேண்டும். குடும்ப விஷயம் ஊருக்கும் தெரிந்துவிடும். இப்போது 'கூகுள் டிரான்ஸ்லேட்' செயலியில் கேமராவைத் தொட்டு, மலாயிலிருந்து தமிழ் என்று வைத்து, கடிதத்தின் மேல் காட்டினால் வரிகள் தமிழாக மாறுகின்றன. நடை கரடுமுரடாக இருக்கும். சட்ட விவகாரத்தில் அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. ஆனால் இது மின்கட்டண நினைவூட்டலா, நீதிமன்ற அழைப்பா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

வசதி வந்த வழியிலேயே திருடனும் வந்தான். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும், பெயரின் முடிவில் 'ஏபிகே' என்றிருக்கும். உறவுக்காரர் நம்பரிலிருந்தே வரலாம், ஏனென்றால் அவர் போன் முன்பே அவன் வசமாகியிருக்கும். தொட்டு நிறுவினால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை அவன் படிப்பான். வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணும் (டேக்) அதில் அடக்கம். உண்மையான பத்திரிகை படமாக வரும் அல்லது பிடிஎஃப்பாக வரும், எதையும் நிறுவச் சொல்லாது. முன்பின் தெரியாதவர் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், போலீஸ் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதன்மேல் எத்தனை புகார் என்று காட்டும். புகார் இல்லை என்பதாலேயே யோக்கியமான கணக்கு என்று ஆகிவிடாது, அது நேற்றுத் திறந்ததாக இருக்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 997க்கு அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் பணம் பத்துக் கணக்குகளைத் தாண்டியிருக்கும்.

வீட்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அப்பாவின் இபிஎஃப் கடவுச்சொல் மகன் கையில், அம்மாவின் பணப்பை மருமகள் போனில். அவசரத்துக்கு உதவியாகத் தோன்றும். ஆனால் கிராணியின் லெட்ஜரிலிருந்து விடுபட்ட கணக்கு இன்னொருவர் கைக்குத்தான் போயிருக்கிறது. முன்பின் தெரியாதவன் எடுத்தால் புகார் கொடுக்கலாம், கடன் தொல்லையில் இருக்கும் சொந்தக்காரர் எடுத்தால் போலீசுக்கும் போக முடியாது. ஆறு இலக்கக் கடவு எண்ணைப் பெற்றோரே தேர்ந்தெடுத்து, அவர்களே அழுத்தட்டும். ஒன்றிரண்டு முறை தப்பு வந்தாலும் பரவாயில்லை.

இந்த வசதிகள் எல்லாத் தோட்டத்துக்கும் எட்டிவிடும் என்று சொல்வதற்கில்லை. 2021 கடைசியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது பழைய போன்களின் இணையம் செத்தது. செம்பனை மட்டைக் கூரைக்குக் கீழே இன்றும் ஒரு கோடு, இரண்டு கோடு என்று சிக்னல் ஊசலாடும் லயன்கள் உண்டு. பழைய லயன் வீடுகளில் மின்சாரமும் தண்ணீரும் நிர்வாகத்தின் பொது மீட்டரில் வருவதால் மின்கட்டணம் பார்க்கும் 'மைடிஎன்பி' செயலி அங்கே உதவாது. தாமான் வீட்டுக்கு மாறியவர்களுக்குத்தான் அது பயன்படும். தோட்டங்களில் இப்போது குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். தமிழ்க் குடும்பங்கள் பல பெஸ்தாரி ஜெயாவிலும் இஜோக்கிலும் புக்கிட் பெருந்தோங்கிலும் குடியேறிவிட்டன. உள்ளே தங்கிவிட்ட முதியவர்கள்தான் இந்த வசதிகள் அதிகம் தேவைப்படுகிறவர்கள், அவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட 'நாடி' மையங்களில் இணையமும் பயிற்சியும் கிடைக்கின்றன. பக்கத்தில் ஒன்று இருந்தால் ஒரு முறை அழைத்துப் போகலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மா போனில் புதிதாக வேறு எதையும் இறக்க வேண்டாம். ஐ-அக்கவுன் ஒன்றை மட்டும் அவர்கள் கையாலேயே பதிவு செய்ய வையுங்கள். முகத்தைப் படமெடுத்து அடையாள அட்டையைக் காட்டினால் போதும், அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. மாதம் 16ஆம் தேதி அதைத் திறந்து, போன மாதப் பணம் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் சம்பளச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டு முதலில் ஆபீஸில் கேளுங்கள், பதில் இல்லாவிட்டால் இபிஎஃப்பில் புகார் கொடுங்கள்.